வீட்டு அக்வாபோனிக்ஸ்: 500 லிட்டர் தொட்டியில் தொடங்குவதற்கான அளவுகள், சாமான்கள், தண்ணீர்

#1 கரைவழி

மீனும் கீரையும் ஒரே தண்ணீரில் வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "500 லிட்டருக்கு எத்தனை மீன் விடலாம்?" இதற்கு எண்ணிக்கையில் பதில் சொன்னால் கணக்கு தப்பிவிடும். விரல் நீளக் குஞ்சு முப்பதும் கால் கிலோ மீன் முப்பதும் ஒன்றாகாது. தீவனத்தில் தொடங்குங்கள். தினம் எத்தனை கிராம் தீவனம் உள்ளே போகிறதோ அதற்கேற்றபடிதான் மீனின் செவுள் வழியே அம்மோனியா வரும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும், நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும்.

ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2014-ல் சிறிய அமைப்புகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள அளவு இது: கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு தினம் 40 முதல் 50 கிராம் தீவனம், காய்க்கும் செடிகளுக்கு 50 முதல் 80 கிராம். இந்த இழையில் பேசப்போகும் அமைப்பில் பாத்தி 2 சதுர மீட்டர். அப்படியானால் உச்ச அளவு தினம் 100 கிராம் தீவனம். வளரும் மீன் தன் எடையில் சுமார் 2 சதவீதம் தின்னும், ஆக 5 கிலோ மீன். 5 கிலோவைத் தாண்டினால் பெரிய மீன்களைப் பிடித்துச் சமைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சாமான்கள்:

மீன் தொட்டி 500 லிட்டர், மூடியுள்ள கருப்பு அல்லது வெள்ளைத் தண்ணீர்த் தொட்டி. வெயில் படும் இடமென்றால் வெள்ளை.

உணவுப் பொருள் வந்த நீல டிரம், 200 லிட்டர், மூன்று. இரண்டை நீளவாக்கில் அறுத்தால் நான்கு பாத்தி, மூன்றாவது சம்ப், அதாவது பாத்தியிலிருந்து வடியும் தண்ணீர் சேரும் தொட்டி. மருந்து, பெயின்ட், ஆசிட் வந்த டிரம் எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி 13 கன அடி. ஜல்லி மாவு போகும்வரை கழுவுங்கள். ஐந்தாறு கல்லை எடுத்து கழிவறை ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது, தண்ணீரின் பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) கீழே இறங்கவே இறங்காது.

3 மீட்டர் தூக்கும் சப்மெர்சிபிள் பம்ப் ஒன்று, 40 முதல் 45 வாட். இரண்டு வாய் ஏர் பம்ப் 15 வாட். டேங்க் நிப்பிள், முக்கால் இஞ்ச், ஒன்றரை இஞ்ச், 2 இஞ்ச் பி.வி.சி. செம்பு, பித்தளை, ஜி.ஐ. இணைப்புகள் தண்ணீரைத் தொடவே கூடாது. அவற்றிலிருந்து கரையும் செம்பும் துத்தநாகமும் சிறு அளவிலேயே மீனுக்கு நஞ்சு.

சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட்: அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச்., கார நிலை (பி.எச்.ஐ மாறவிடாமல் பிடித்து வைக்கும் கார்பனேட் வகைகளின் அளவு). பணம் மிச்சம் பிடிப்பதென்றால் வேறு எதில் வேண்டுமானாலும் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

#2 வைகைக்கரை

வணக்கம் சார். மதுரை, தனி வீடு. மொட்டை மாடி 600 சதுர அடி சும்மா கிடக்கு. பின்னாடி 10க்கு 12 அடி இடமும் இருக்கு, அங்க வெயில் காலை 8 மணியிலிருந்து 1 மணி வரைக்கும்தான். மாடியில வைக்கலாமா? போர் தண்ணி ரிப்போர்ட்: பி.எச். 8.1, டி.டி.எஸ். 1100, கார நிலை 340, குளோரைடு 210.

#3 சென்டரிங்

மாடி வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்க. ஆளுங்க நடமாடுற மொட்டை மாடிக்கு இந்தியக் கட்டடத் தரநிலை ஐ.எஸ். 875 சொல்ற சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ சுமார். அந்த டிரம் பாத்தியில ஒண்ணுல ஜல்லி மட்டும் 135 கிலோவுக்குக் கிட்ட, தண்ணி 30 லிட்டர், அடியில பிளாக். அது உட்கார்ற இடம் அரை சதுர மீட்டர். சதுர மீட்டர் கணக்குல 330 கிலோ தாண்டுது. 500 லிட்டர் தொட்டி அதைவிட மோசம், அரை டன் எடை ஒரே இடத்துல. பீம் மேல, சுவர் மேல வெச்சா தாங்கும்னு சொல்வாங்க. பீம் எங்க ஓடுது, கம்பி எவ்வளவு போட்டிருக்குன்னு டிராயிங் பார்க்காம யாரும் சொல்ல முடியாது. பழைய வீடுன்னா இன்னும் யோசிக்கணும்.

மாடிதான் ஒரே இடம்னா, ஜல்லியை விட்டுட்டுக் களிமண் உருண்டைக்குப் போகணும். கன மீட்டருக்கு 400 கிலோ அளவுதான். அப்பவும் தொட்டியைச் சுவர் மேலதான் வைக்கணும், அதுவும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தர் நேர்ல வந்து பார்த்த பிறகு. உங்களுக்குத் தரையில இடம் இருக்கே, அஞ்சு மணி நேர வெயில் கீரைக்குத் தாராளம்.

#4 கரைவழி

சென்டரிங் சார் சொன்னதுதான். தரையில் உயரங்களை இப்படி அமையுங்கள்.

மூன்றாவது டிரம்மை நிமிர்த்தி மண்ணில் புதையுங்கள், விளிம்பு மட்டும் 10 செ.மீ. வெளியே. மழைத்தண்ணீரும் சேறும் உள்ளே ஓடாது. மீன் தொட்டி தரையில். அதன் வெளியேற்றுக் குழாய் 80 செ.மீ. உயரத்தில், 2 இஞ்ச். பாத்திகளின் அடி 40 செ.மீ. உயரத்தில், அதாவது 8 இஞ்ச் சாலிட் பிளாக் இரண்டு அடுக்கு. பம்ப் சம்பில் இருக்கும். சம்பிலிருந்து மீன் தொட்டிக்கு ஏறும், அங்கிருந்து வழிந்து பாத்திகளுக்குப் போகும், பாத்தியிலிருந்து வடிந்து மறுபடி சம்புக்கு வரும்.

பம்பை மீன் தொட்டிக்குள் வைத்தால் ஒரு டிரம்மை மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் செய்கிறார்கள். பாத்தியில் ஒரு நிப்பிள் கசிந்தால் மீன் தொட்டியையே பம்ப் காலி செய்துவிடும். பம்ப் சம்பில் இருந்தால் காலியாவது சம்ப் மட்டும், மீன் தொட்டியின் மட்டம் 80 செ.மீ.யிலேயே நிற்கும்.

வெளியேற்றுக் குழாயின் உள்முனையைத் தொட்டியின் அடியிலிருந்து 5 செ.மீ. மேலே வரை இறக்குங்கள். கழிவு அடியில்தான் தங்கும், அதைத்தான் முதலில் இழுக்க வேண்டும். தொட்டிக்குள் அந்தக் குழாய் மேலே ஏறி வெளியே திரும்பும் இடத்தில் ஒரு 'டி' போட்டு மேல்வாயைத் திறந்தே விடுங்கள். அதை மூடினால் சைஃபன் பிடித்து, கரண்ட் போன ராத்திரியில் தொட்டித் தண்ணீர் அடிவரை இறங்கிவிடும். திறந்த வாயில் ஒரு துண்டு வலை கட்டுங்கள், குஞ்சு ஏறிப் போகாது.

அறுத்த டிரம்மில் ஜல்லி கொட்டினதும் இரண்டு பக்கமும் வெளியே விரியும், நடுவில் பிளக்கும். கொட்டும் முன்பே நடுவில் ஒரு சவுக்குக் குச்சியைக் குறுக்கே வைத்து, இரு விளிம்புகளையும் நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுங்கள். அடி உருண்டை என்பதால் இரு பக்கமும் பிளாக் அணைப்பு வேண்டும்.

#5 முக்கால்_இஞ்ச்

பாத்தியில தண்ணி ஏறி இறங்கணும். நிரம்பும்போது வேர் குடிக்கும், வடியும்போது ஜல்லிக்குள்ள காத்து போகும். இதுக்கு எல்லாரும் பெல் சைஃபன்தான் சொல்வாங்க, அதாவது பாத்தி நிரம்பினதும் தானா தண்ணி முழுசையும் இழுத்து வெளிய விடுற மூடி போட்ட குழாய். வீடியோல பார்க்க அழகாத்தான் இருக்கும். ஆனா நாலு சின்னப் பாத்திக்கு நாலு பெல் சைஃபன் வேண்டாம்னு சொல்வேன்.

காரணம் இது. மணிக்கு 500 லிட்டரை நாலா பிரிச்சா ஒரு பாத்திக்கு 125. இந்த ஓட்டத்துல தண்ணி நிலைக்குழாய் (பாத்திக்குள்ள நிமிர்ந்து நிக்கிற வடிகுழாய்) வாயில மெல்ல வழிஞ்சுக்கிட்டே இருக்கும், சைஃபன் பிடிக்காது. ஓட்டத்தைக் கூட்டினா பிடிக்கும், ஆனா விடாது, அடியில கொர்ர்னு இழுத்துக்கிட்டே நிக்கும். நாலும் ஒரே மாதிரி வேலை செய்ய வால்வைத் திருகிக்கிட்டே இருக்கணும். புதினா வேர் ஒண்ணு உள்ள நுழைஞ்சா அன்னைக்கே நின்னுபோகும்.

அதுக்குப் பதிலா டைமர். 15 நிமிஷம் ஓடும், 45 நிமிஷம் நிக்கும். ஒவ்வொரு பாத்தியிலயும் முக்கால் இஞ்ச் நிலைக்குழாய், ஜல்லி மட்டத்துக்கு 5 செ.மீ. கீழ முடியற மாதிரி. மேல 5 செ.மீ. ஜல்லி எப்பவும் காய்ஞ்சே இருக்கணும், இல்லேன்னா பாசி பிடிக்கும், தண்டு அழுகும். நிலைக்குழாயோட அடியில 6 மி.மீ. துளை ஒண்ணு. அந்தத் துளை 20 செ.மீ. தண்ணி நிக்கும்போது மணிக்கு 120 லிட்டர் சுமாரா விடும், மட்டம் குறையக் குறைய அதுவும் குறையும். சராசரி நிரம்பும்போது 80, வடியும்போது 60னு வெச்சுக்கங்க. பம்ப் அந்த உயரத்துல மணிக்கு 900 லிட்டர் தந்தா பாத்திக்கு 225. கசிவு போக 145. முப்பது லிட்டர் நிரம்ப 12, 13 நிமிஷம். வடிய அரை மணி. மிச்ச நேரம் ஜல்லி காத்து வாங்கும்.

பம்ப் டப்பாவுல '2000 லிட்டர்'னு போட்டிருப்பான். அது தூக்கமே இல்லாதப்போ. ஒன்றரை மீட்டர் தூக்கும்போது பாதிதான் வரும். வாங்கினதும் ஒரு பக்கெட்டை வெச்சு நிரம்ப எத்தனை செகண்ட் ஆகுதுன்னு அளந்துடுங்க. 15 லிட்டர் பக்கெட் ஒரு நிமிஷத்துல நிரம்பினா மணிக்கு 900.

நிலைக்குழாயைச் சுத்தி 4 இஞ்ச் குழாய்த் துண்டை நிறுத்தி, ஹேக்சா பிளேடால கீழ்ப்பாதியில கோடு கோடா அறுத்து விடுங்க. ஜல்லியும் வேரும் துளைக்கு வராது, கையை விட்டுச் சுத்தம் பண்ணவும் வழி இருக்கும்.

#6 கரைவழி

டைமரில் ஒரு குறை உண்டு, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பம்ப் ஒரு நாளைக்கு 24 தடவை நின்று ஓடும். விலை குறைந்த பம்ப் சில மாதங்களில் நிற்கும்போது நின்றபடியே இருந்துவிடும். பம்புக்குள் சுழலும் விசிறியான இம்பெல்லர் உதிரியாக ஒன்று கையில் இருக்கட்டும். பாத்திகள் நான்கையும் அடியில் 2 இஞ்ச் குழாயால் இணைத்து ஒரே பெரிய சைஃபன் வைத்தால் பெல் சைஃபனும் நன்றாகவே வேலை செய்யும், மொத்த ஓட்டமும் ஒரே இடத்துக்கு வருகிறதே. ஆனால் முதல் அமைப்புக்கு டைமருக்குத்தான் என் ஓட்டும்.

மின்சாரத்தில் டைமர் தெளிவாக லாபம். 45 வாட் பம்ப் ஆறு மணி நேரம், 15 வாட் ஏர் பம்ப் நாள் முழுக்க, சேர்த்து ஒரு நாளைக்கு 0.63 யூனிட். இரண்டு மாத பில்லில் 38 யூனிட் அளவு. பம்ப் நாள் முழுக்க ஓடினால் 86.

ஏர் பம்பை மட்டும் டைமரில் மாட்டாதீர்கள்.

#7 பி.எச்_ஏழு

வைகைக்கரை, உங்க தண்ணி ரிப்போர்ட்டுக்கு வர்றேன். பி.எச். 8.1 பெரிய விஷயமில்லை. கார நிலை 340தான் விஷயம். அது இருக்கிறவரைக்கும் பி.எச்.ஐ எப்படி இறக்கினாலும் ராத்திரியே மேல ஏறிடும். ஆசிட் ஊத்தி ஊத்தி இறக்க ஆரம்பிச்சா, பி.எச். மேலயும் கீழயும் குதிச்சு மீன் சாகும்.

இரண்டு வழி. மழைத்தண்ணி சேமிப்பு இருந்தா போர் ஒரு பங்கு, மழை இரண்டு பங்கு கலந்து நிரப்புங்க. கார நிலை 115க்குக் கிட்ட வந்துடும், அது நல்ல ஆரம்பம். மழைத்தண்ணி இல்லேன்னா போர் தண்ணியிலயே ஆரம்பிச்சு, தினசரி ஆவியாகிற இழப்பை மட்டும் மழைத்தண்ணி அல்லது ஆர்.ஓ. தண்ணியால நிரப்புங்க. பாக்டீரியா ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்கும்போது 7 கிராம் கார நிலையைத் தின்னுடும். 30 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டா, தினம் 20 கிராம் அளவுக்குக் கார நிலை கரையும். சில மாசத்துல பி.எச். தானா 7க்கு வந்து நிக்கும். அப்புறம் அதைக் கீழ விழாம பிடிக்கிறதுதான் வேலை. இழப்பையும் போர் தண்ணியாலயே நிரப்பினா உப்பும் கார நிலையும் ஏறிக்கிட்டே போகும், எந்தக் காலத்திலயும் சரியாகாது.

பி.எச். உசரமா இருக்கிற மாசங்கள்ல ஏன் மீனைக் குறைச்சு வைக்கணும்னா, கிட் காட்டுற அம்மோனியா முழுசும் நஞ்சில்லை. 28 டிகிரியில பி.எச். 7ல அதுல 0.7 சதவீதம்தான் நஞ்சு வடிவம். பி.எச். 8ல 6.5 சதவீதம். 8.5ல 18 சதவீதம். அதே 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அம்மோனியா 7ல ஒண்ணும் பண்ணாது, 8.5ல செவுளைக் கருக்கிடும்.

மாநகராட்சித் தண்ணின்னா குளோரின் இருக்கும். ஏர் ஸ்டோன் போட்டு ரெண்டு நாள் விடுங்க, இல்லேன்னா 500 லிட்டருக்கு 1 பி.பி.எம். குளோரினுக்கு 3.5 கிராம் சோடியம் தயோசல்ஃபேட்.

இப்போ பாக்டீரியா வளர்ப்பு. மீன் இல்லாமலே செய்யணும். உங்க அமைப்புல மொத்தத் தண்ணி 650 லிட்டர் வரும். அமோனியம் குளோரைடு 5 கிராம் போட்டா அம்மோனியா நைட்ரஜன் 2 பி.பி.எம். நாட்டு மருந்துக் கடையில கிடைக்கிற நவச்சாரம் இதுதான், ஆனா சுத்தம் எப்படின்னு தெரியாது, லேப் கெமிக்கல் கடையில 100 கிராம் வாங்கிடுங்க. யூரியான்னா 3 கிராம், அது உடைஞ்சு அம்மோனியாவாக ரெண்டு மூணு நாள் எடுக்கும், கிட் முதல்ல ஒண்ணும் காட்டலேன்னு மறுபடி போட்டுடாதீங்க. ஆரோக்கியமான மீன் தொட்டியில ஓடுற பழைய ஃபில்டர் ஸ்பாஞ்ச் கிடைச்சா பாத்தித் தண்ணியில பிழிஞ்சு விடுங்க, ரெண்டு வாரம் மிச்சம்.

அம்மோனியா 0.5க்குக் கீழ வந்தா மறுபடி 2க்கு ஏத்துங்க. முதல்ல நைட்ரைட் ஏறும், கிட்டுல ஊதா கருத்துப் போகும், அப்புறம் இறங்கும். நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். போட்ட 2 பி.பி.எம். 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே சைபரா காட்டினா முடிஞ்சது. நம்ம ஊர் வெப்பத்துல மூணுலேருந்து அஞ்சு வாரம்.

சாணி, ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் எதுவும் இந்தத் தண்ணிக்குள்ள வேண்டாம். பச்சைக் கீரை சாப்பிடப் போறீங்க, சாணியோட வர்ற கிருமி அந்தக் கீரையில இருக்கும். அந்தக் கரிமச் சுமை ஆக்ஸிஜனையும் தின்னுடும்.

#8 கிடுகுவேலி

யாழ்ப்பாணத்தில இருந்து. எங்கட கிணத்துத் தண்ணி முழுக்கச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணி. பி.எச்_ஏழு சொன்ன கார நிலைப் பிரச்சினை இஞ்ச எல்லா வீட்டுக்கும் உண்டு. இஞ்ச செய்யிற ஆக்களுக்கு ரெண்டு விசயம். உள்ளூர்ச் சல்லி வேண்டாம், அது சுண்ணாம்புக்கல், பாத்தியே தண்ணியைக் கடினமாக்கிக் கொண்டிருக்கும். வன்னிப் பக்கத்தால வாற கருங்கல் சல்லி கேட்டு வாங்குங்கோ. மற்றது, மாரி மழையைப் பிடிச்சு வைக்க 1000 லீற்றர் தாங்கி ஒண்டை இதோட சேர்த்துக் கணக்குப் போடுங்கோ. பி.எச். 8க்கு மேல நிக்கிறவரைக்கும் இரும்புச் சத்து சாதாரண இ.டி.டி.ஏ. (இரும்பைக் கரைஞ்ச நிலையில பிடிச்சு வைக்கிற சேர்மம்) வகையில குடுத்துப் பலனில்லை.

#9 குளத்துமீன்

மீன் பக்கம்.

இந்த அமைப்புக்குப் பொருத்தமானது கிஃப்ட் திலேப்பியா, நம்ம பேச்சுல ஜிலேபி. பி.எச்., வெப்பம், ஆக்ஸிஜன் எல்லாத்திலயும் விட்டுக்கொடுக்கும். திலேப்பியா வளர்ப்புக்கு அரசு விதிமுறை இருக்கு, குஞ்சு வாங்கும் முன்ன உங்க மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அவங்க சொல்ற பண்ணையில ஆண் குஞ்சு மட்டும் வாங்குங்க. ஆணும் பெண்ணும் கலந்திருந்தா பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலயே வெச்சுக்கிட்டு இரை எடுக்காது. கொஞ்ச நாள்ல தொட்டி முழுக்க விரல் நீளக் குஞ்சு, எதுவும் எடை ஏறாது. ஏரியில பிடிச்ச ஜிலேபியைக் கொண்டாந்து விடுறவங்களுக்கு நடக்கிறது இதுதான்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது, யார் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கட்லா, ரோகு குளத்து மீன், 500 லிட்டர்ல சும்மா உயிரோட இருக்கும். விரால் ஒண்ணையொண்ணு தின்னும், எகிறிக் குதிக்கும், அனுபவமில்லாம வேண்டாம். மீன் சாப்பிடாத வீடுன்னா கொய் கெண்டை. தீவனக் கணக்கு எல்லாத்துக்கும் அதே.

10 கிராம் குஞ்சு 30 விடுங்க. மொத்த எடை 300 கிராம், இந்த வயசுல 5 சதவீதம் தின்னும், 15 கிராம் தீவனம். கரைவழி சொன்ன கணக்குல 15 கிராம் ஒரு பாத்திக்கே போதாது. அதனால முதல் மாசம் நாலு பாத்தியும் நடாதீங்க, ஒண்ணு நடுங்க. 50 கிராம் மீனாகும்போது 3.5 சதவீதம், தினம் 50 கிராம், ரெண்டு பாத்தி. 150 கிராம் மீன்ல 2 சதவீதம், 90 கிராம், நாலு பாத்தியும் ஓடும். 100 கிராமைத் தொட்டதும் ஏத்துறதை நிறுத்திடணும். பெரிய மீனை வாரத்துக்கு ரெண்டு பிடிச்சு எடுத்தா தீவனம் 100லயே நிக்கும், பாத்தியும் சமமா இருக்கும்.

ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அஞ்சு மீனை வலையில பிடிச்சு, தண்ணி வெச்ச பக்கெட்டோட தராசுல நிறுத்து சராசரி எடுங்க. முந்தின நாள் தீவனம் வேண்டாம்.

குஞ்சுக்கு 1 மி.மீ. தீவனம், புரதம் 35க்கு மேல. வளர்ந்ததுக்கு 2, அப்புறம் 4 மி.மீ. மிதக்கும் தீவனம், 28 முதல் 32. காலையும் மாலையும். பதினஞ்சு நிமிஷத்துல தின்னு முடிக்கலேன்னா மிச்சத்தை வலையால எடுத்துடுங்க, அடுத்த வேளை குறைங்க. மேகமூட்டமான நாள், தண்ணி 34 டிகிரி தாண்டின நாள், அம்மோனியா 1க்கு மேல காட்டுற நாள், மூணுலயும் தீவனம் கிடையாது. ரெண்டு நாள் சாப்பிடாம மீன் சாகாது.

குஞ்சு இருக்கிற பை வந்ததும் தொட்டியில 20 நிமிஷம் மிதக்க விடுங்க, அப்புறம் தொட்டித் தண்ணியை ஒவ்வொரு டம்ளரா பைக்குள்ள விட்டு இன்னொரு 20 நிமிஷம். பையில இருக்கிற தண்ணி தொட்டிக்குள்ள போகக் கூடாது, மீனை மட்டும் வலையில எடுத்து விடுங்க.

#10 நாற்றங்கால்

செடிக்கு நான் சொல்றேன். முதல் மூணு மாசம் தக்காளி, கத்தரி எதுவும் வேண்டாம்ப்பா. நைட்ரேட் மட்டும்தான் இருக்கும், பொட்டாசும் இரும்பும் போதாது, பூ பூத்துக் கொட்டிடும். வள்ளைக்கீரை, பசலை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, தண்டுக்கீரை. இதுல வள்ளைக்கீரை மாதிரி நைட்ரேட் இழுக்கிற செடி வேற இல்ல, சந்தையில வாங்கின கட்டுலேருந்து ஒரு ஜாண் தண்டு வெட்டிச் சொருகினாலே பிடிக்கும். புதினா வேண்டும்னா தனிப் பாத்தியில போடுங்க, அதோட வேர் ஓடுற ஓட்டத்துக்கு மத்த எதையும் விடாது.

கீரை விதையை நேரா ஜல்லியில தூவினா கீழ இறங்கிப் போயிடும். தேங்காய் நார்த்தூள் ட்ரேயில முளைக்க வெச்சு, நாலு இலை வந்ததும் வேரை அலசிட்டு நடுங்க. நார்த்தூளை முதல்ல ரெண்டு தடவை தண்ணியில ஊற வெச்சுப் பிழிஞ்சுடுங்க, உப்பு போகும்.

இன்னொண்ணு, இதைப் பெரிய எழுத்துல எழுதணும். மாடித்தோட்டத்துல அடிக்கிற வேப்பெண்ணெய்–சோப்புக் கரைசல் இங்க கூடாது. சோப்பு மீனோட செவுளைப் பாதிக்கும், வேப்பெண்ணெயும் மீனுக்கு நஞ்சு. அசுவினி வந்தா குழாய்த் தண்ணியைப் பீய்ச்சி அடிங்க, மாவுப்பூச்சியைக் கையால துடைங்க, புழுவுக்கு பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் தெளிங்க, அது மீனை ஒண்ணும் பண்ணாது. ரொம்பப் பிடிச்ச செடியைப் பிடுங்கி எறிஞ்சுடுங்க, 30 மீனை விட ஒரு கத்தரிச் செடி பெருசில்ல.

ஏப்ரல், மே ரெண்டு மாசமும் 50 சதவீத நிழல்வலை. சம்புக்குக் கொசுவலை மூடி, உள்ள அஞ்சாறு கப்பி மீன். கொசுப்புழு ஒண்ணு மிஞ்சாது.

#11 வைகைக்கரை

எல்லோர் சொன்னபடியும் ஆரம்பிச்சாச்சு. போர் ஒரு பங்கு, மழை ஒரு பங்குதான் கிடைச்சுது. நாலாவது வாரம். அம்மோனியா 0.25, நைட்ரைட் 5 பி.பி.எம். தாண்டிக் கருப்பு, நைட்ரேட் 40, பி.எச். 7.8. ஒரு வாரமா நைட்ரைட் இறங்கவே இல்ல. குஞ்சு வர்ற ஞாயித்துக்கிழமை கொண்டுவர்றேன்னு பண்ணையில சொல்லிட்டாங்க. விடலாமா?

#12 பி.எச்_ஏழு

விடாதீங்க. ஃபோன் பண்ணி ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க.

நைட்ரைட்டைத் தின்னுற பாக்டீரியா மத்ததைவிட மெதுவாத்தான் பெருகும், நைட்ரைட் ரொம்ப ஏறினா அதுவே திணறும். பாதித் தண்ணியை மாத்துங்க, நைட்ரைட் பாதியாகும். அம்மோனியா போடுறதை 2லேருந்து 1க்குக் குறைங்க, அதாவது இரண்டரை கிராம். பாக்டீரியா ஜல்லியிலதான் ஒட்டியிருக்கு, தண்ணி மாத்துறதால போயிடாது. ஜல்லியைக் கழுவிடாதீங்க.

மீன் ஏற்கெனவே உள்ள இருக்கும்போது நைட்ரைட் ஏறினா, அது ரத்தத்துல ஆக்ஸிஜன் ஏந்துற வேலையைக் கெடுக்கும், செவுள் காப்பிக் கலர்ல மாறும். குளோரைடு அதைத் தடுக்கும். 650 லிட்டருக்கு அயோடின் சேர்க்காத கல்லுப்பு 110 கிராம் போட்டா 100 பி.பி.எம். குளோரைடு வரும். உங்க தண்ணியில கலந்த பிறகும் அந்த அளவு ஏற்கெனவே இருக்கு, நீங்க போட வேண்டாம்.

#13 வைகைக்கரை

தள்ளிப் போட்டாச்சு சார். கரண்ட் கட் பத்தி யாரும் சொல்லலியே? இங்க மாசத்துல ஒரு நாள் பராமரிப்புன்னு காலை 9 முதல் சாயங்காலம் வரை போயிடும்.

#14 முக்கால்_இஞ்ச்

அன்னைக்குத்தான் மீன் சாகும். குஞ்சா இருக்கும்போது தாங்கும். 5 கிலோ ஆனப்போ கணக்கு வேற. மீன் ஒரு கிலோ மணிக்கு 300 மில்லிகிராம் சுமாரா ஆக்ஸிஜன் எடுக்கும், 5 கிலோவுக்கு 1.5 கிராம். 450 லிட்டர் தண்ணியில மீன் பயன்படுத்த முடியறது ரெண்டே கால் கிராம். பாக்டீரியா பங்கும் சேர்த்தா ஒரு மணி நேரம்தான்.

12 வோல்ட் டி.சி. ஏர் பம்ப் 10 வாட், 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி, கரண்ட் போனா தானா மாறுற ரிலே. பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கக் கூடாது, அப்போ நாலு மணி நேரம் வரும். காலையிலேருந்து சாயங்காலம்னா 18 ஏ.எச். போடுங்க. வீட்டுல இன்வெர்ட்டர் இருந்தா இதெல்லாம் வேண்டாம், ஏர் பம்பை அந்த லைன்ல மாட்டுங்க, 15 வாட்தான். முன்னறிவிப்பு உள்ள நாள்னா முந்தின ராத்திரியிலிருந்தே தீவனம் நிறுத்துங்க, வயிறு காலியா இருக்கிற மீன் ஆக்ஸிஜன் குறைச்சலா எடுக்கும்.

ஏர் பம்பை எப்பவும் தண்ணி மட்டத்துக்கு மேல வைங்க. கீழ வெச்சா கரண்ட் போனதும் டியூப் வழியா தண்ணி பம்புக்குள்ள இறங்கிடும்.

#15 வைகைக்கரை

மீன் விட்டு ரெண்டரை மாசம். அம்மோனியா, நைட்ரைட் சைபர், நைட்ரேட் 60, பி.எச். 7.2. தீவனம் 45 கிராம். வள்ளைக்கீரை வெட்ட வெட்ட வருது. ஆனா ரெண்டாவது பாத்தியில பசலையோட துளிர் இலை வெளிறிப் போச்சு, நரம்பு மட்டும் பச்சை. கீழ் இலை நல்லா இருக்கு. பொன்னாங்கண்ணியில கீழ் இலை ஓரம் மட்டும் பழுப்பு. தீவனத்தைக் கூட்டணுமா?

#16 நாற்றங்கால்

தீவனத்தைத் தொடாதீங்க, நைட்ரேட் 60 இருக்கே. துளிர் வெளிறி நரம்பு பச்சையா இருந்தா இரும்பு. கீழ் இலை ஓரம் கருகினா பொட்டாஷ். ரெண்டுமே மீன் தீவனத்துல போதாது, எல்லா அமைப்புலயும் வர்றதுதான்.

#17 பி.எச்_ஏழு

அக்கா சொன்னது சரி. அளவு மட்டும் சேர்க்கிறேன்.

இரும்பு: உரக்கடையில சாதாரணமா கொடுக்கிறது இ.டி.டி.ஏ. வகை, பி.எச். 6.5 தாண்டினா அதுல இருக்கிற இரும்பு நிக்காது. இ.டி.டி.எச்.ஏ. 6 சதவீதம்னு கேளுங்க. 650 லிட்டருக்கு 2 பி.பி.எம். வர 22 கிராம். ஒரு பக்கெட்ல கரைச்சு சாயங்காலம் சம்புல விடுங்க. தண்ணி ரத்தச் சிவப்பா மாறும், மீனுக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா மீன் தெரியாதுங்கிறதால அன்னைக்குத் தீவனம் தின்னுதான்னு பக்கத்துல நின்னு பாருங்க. டி.டி.பி.ஏ. 11 சதவீதம் கிடைச்சா 12 கிராம் போதும், நிறமும் ஏறாது, பி.எச். 7.5 வரைக்கும் நிக்கும்.

பொட்டாஷ்: உங்க பி.எச். இன்னும் 7.2 என்பதால பொட்டாசியம் பைகார்பனேட் இப்போ வேண்டாம், அது பி.எச்.ஐ ஏத்தும். பொட்டாசியம் சல்ஃபேட் 30 கிராம் கரைச்சு விடுங்க, ரெண்டு வாரம் கழிச்சுப் புது இலைகளோட ஓரத்தைப் பாருங்க. பி.எச். 6.5க்கு வர்ற நாள் வரும். அப்போ பொட்டாசியம் பைகார்பனேட் 30 கிராம் ஒரு தடவை, நீற்றின கிளிஞ்சல் சுண்ணாம்பு 10 கிராம் அடுத்த தடவைன்னு மாத்தி மாத்திக் கொடுங்க. ஒண்ணு பொட்டாஷ் தரும், இன்னொண்ணு கால்சியம் தரும். வாசனையும் நிறமும் சேர்த்த வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம். சமையல் சோடாவும் வேண்டாம், சோடியம் தண்ணியிலயே தங்கிக்கிட்டே போகும். ஒரு நாளைக்கு பி.எச். 0.2க்கு மேல நகரக் கூடாது, அதனால கரைசலை மதியம் வரைக்கும் சொட்டுச் சொட்டா விடுங்க. 6க்குக் கீழ விழ விட்டா பாக்டீரியா வேலையை நிறுத்திடும், அம்மோனியா மறுபடி ஏறும்.

இரும்பு மூணு வாரத்துக்கு ஒரு தடவை இதே அளவு. வெளிறின இலையைப் பார்க்காதீங்க, அடுத்து வர்ற துளிர் பச்சையா வந்தா அளவு சரி.